குளம்பு பார்த்துக் குடியேறியவள்

முன்னொரு காலத்திலே, லாடம் அடிக்கும் வழக்கமே இல்லாத ஒரு நாட்டிலே, மரகதவல்லி என்றொரு பெண் இருந்தாள். அவள் தம்பி மாறனுக்கு வாய் சும்மா இருக்காது. கரிமுகன் என்ற மந்திரவாதியின் தாடியைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நொடியே குதிரையாகிவிட்டான்.

அக்காள் அழுது புரண்டாள்.

"சரி, ஒரு வழி சொல்றேன்" என்றான் கரிமுகன். "ஒரு வருஷம் தினமும் இவன்மேல் ஏறிக் காட்டுப்பாதையில் போய் வா. ஒரு நாள் தவறினாலும் கல்லாகிவிடுவான். எந்த ஊரில் தங்குவது என்பதை நீயே பார்த்து முடிவுசெய். ஆனால் எந்த வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிடுகிறாயோ, வருஷம் முடியும்வரை அதுதான் உன் வீடு."

அது தை மாதம். தையில் எந்த ஊர்தான் அழகாக இல்லை? மழைக்காலத்தில் எது தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மலையூர் போனாள். எங்கும் பச்சைப்பசேல்.

"வருஷம் பூரா சவாரி போகலாமா?"

"பேஷா போகலாம் தாயி!"

நம்பிப் பாலை அடுப்பில் ஏற்றினாள். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தபோது குதிரையாக நின்ற தம்பி கத்தினான்: "அக்கா, இந்த ஊர்க் குதிரைங்க காலைப் பாரு!"

பார்த்தாள். குளம்பெல்லாம் நீண்டு வளைந்து கிடந்தன. நடக்காத குதிரைக்குத்தானே குளம்பு தேயாமல் நீளும்? மழையில் வழுக்கும் பாதைக்குப் பயந்து மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்! பதறி, வெறுங்கையாலேயே பானையை இறக்கினாள். கை கொப்பளித்தது.

அடுத்து ஆற்றூர். "எங்க ஊரைப்போல உண்டா?" என்றார்கள். அங்கேயும் நீண்ட குளம்புதான்.

மூன்றாவது, மலையடிவாரத்துச் சரளைக்காடு.

"இங்கயா? வெறும் கல்லும் முள்ளும்!" என்று ஊர்க்காரர்களே அலுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் குதிரைகளின் குளம்பு ஒட்டத் தேய்ந்திருந்தது. அங்கே பால் பொங்கியது.

கோடையில் மேலேறி மரநிழலில் போனாள். ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. மலையூர்ப் பாதை சரிந்தது, ஆற்றூர் முழுகியது. சரளையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. என்றாலும் தினமும் அவள் கேட்பாள்:

"வழுக்குதாடா தம்பி?"

"இல்லக்கா. பயப்படாத."

கடைசி நாள் வந்தது. சவாரி முடித்து இறங்கியவள் திரும்பிப் பார்க்கவே பயந்தாள். பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எங்கோ ஒரு நாள் விட்டுவிட்டோமோ? கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

"அக்கா, ஒரு வருஷத்துல நீ நல்லாவே கனத்துப்போயிட்ட."

மந்திரம் போனது, வாய் மட்டும் போகவில்லை! மரகதவல்லி அவன் காதைத் திருகினாள், அழுதாள், சிரித்தாள்.

அவர்கள் வீட்டில் பொங்கிய பால் நம் வீட்டிலும் பொங்கட்டும்.