நெருப்புப் படாத மாலை

சலக்... சலக்... சலக்...

ஒரு ஊர்ல, ஆத்தங்கரைப் பக்கமாப் போனா, ஆளு கண்ணுல படுறதுக்கு முந்தி இந்தச் சத்தம்தான் கேக்குமாம். என்னடா இதுன்னு நாணலை விலக்கிப் பாத்தா, முழங்கால் தண்ணியில ஒரு பொம்பளை நின்னு சல்லடையில மணலை அலசிக்கிட்டு இருப்பாளாம். அவ பேரு செம்பாயி.

அந்தக் கரைமேட்டுக்கு அடியில எந்தக் காலத்துலயோ ஒரு பட்டணமே புதைஞ்சு போச்சாம். ஒவ்வொரு மழைக்கும் மேடு கரைஞ்சு, பவளம் ஒண்ணு, பாசிமணி ஒண்ணு, உடைஞ்ச சங்கு வளையல் துண்டு ஒண்ணுன்னு மணல்ல வந்து விழுமாம். செம்பாயி அதை எடுத்துக் கழுவி, "நீ யாரு கழுத்துல கிடந்த தாயி?"ன்னு கேப்பா. அது என்னத்தைச் சொல்லும்? சும்மா மினுங்கும். அவளும் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, துளை போட்டு, நூல்ல கோத்து, முடிச்சு முடிச்சாப் போட்டு நகையாக்கிடுவா. நெருப்பை மட்டும் கிட்டயே கொண்டுபோக மாட்டா. உம் கொட்டுங்க, அதை மறந்துடாதீங்க.

அவ மக அரும்புக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். தங்கத்துக்கு எங்க போவா? ஏழு மழையில பொறுக்கினதை எல்லாம் சேத்து, மக கழுத்துக்கு ஒரு மாலை கோத்துட்டா. கோத்து முடிச்சதும் ஒரு சின்ன ஆசை. தங்கத்துல ஒரு கொக்கி வச்சா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால எடுப்பா இருக்குமே! சேத்து வச்சிருந்த குந்துமணித் தங்கத்தையும் மாலையையும் எடுத்துக்கிட்டு, அரண்மனைக்கு நகை செய்யுற வச்சிரவேலு பத்தர்கிட்டப் போனா.

முதல் நாள் போய்க் கேட்டா, "தங்கம் இன்னும் உருகலை"ன்னாரு. ரெண்டாம் நாள் கேட்டா, "உருகிடுச்சு, இன்னும் ஆறலை"ன்னாரு. மூணாம் நாள் கேட்டா, "எந்த மாலை? எந்தக் கொக்கி? ஆமா, நீ யாரு?"ன்னாரு.

மாலை எங்க போச்சு? ராணி கழுத்துக்குப் போயிடுச்சு. "எங்கையால செஞ்சது, ராணியம்மா"ன்னு கொண்டுபோய்க் குடுத்துட்டாரு மனுசன். சேதி செம்பாயி காதுக்கும் வந்துச்சு.

செம்பாயி அழல. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நேரா அரண்மனைக்குப் போய் நின்னா. "ராசா, அது எம்மக மாலை."

"பைத்தியக்காரி பேச்சு ராசா! ராத்திரி பகலா நான்தான் பொடி வச்சு ஊதி ஊதிச் செஞ்சேன்"ன்னாரு பத்தர். பொடின்னா மூக்குப்பொடி இல்ல. ரெண்டு துண்டை ஒட்ட வைக்கிறதுக்குப் பொடியைத் தூவி, குழலால நெருப்பை ஊதுவாங்களே, அந்தப் பொடி.

செம்பாயிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மடியில இருந்து ஒரு சங்கு வளையல் துண்டை எடுத்து நீட்டினா. "கோத்ததுல மிச்சம் இது. பத்தரய்யா அப்படியே பொடி வச்சு ஊதி, இதையும் மாலையில சேத்துக் காட்டட்டும்."

"இது ஒரு வேலையா?"ன்னாரு பத்தர். கரி அடுப்பு வந்துச்சு. பொடியைத் தூவி ஒரு ஊது ஊதினாரு, துண்டு கறுத்துச்சு. ரெண்டாம் ஊது ஊதினாரு, விரிசல் விட்டுச்சு. மூணாம் ஊது ஊதினாரு, சாம்பலா வெளுத்துச்சு. பதறிப்போய், தங்கத்தை ஆத்துற பழக்கத்துல அதைத் தண்ணியில முக்கினாரு பாருங்க... புஸ்ஸுன்னு பொங்கி, அத்தனையும் சுண்ணாம்பு!

சங்கைச் சுட்டா வேற என்ன வரும்?

ராணி கிண்ணத்தை எட்டிப் பாத்து, "பத்தரே, வெத்தலைக்கு ஆச்சு, பாக்கு எங்கே?"ன்னாங்க. சபையே சிரிச்சுச்சு. ராசாவும் சிரிச்சுட்டு, "ஊதுறதுல உமக்கு இவ்வளவு ஆசையா? இனிமே தங்கத்தைத் தொடவேண்டாம். ஆத்துக் கிளிஞ்சலைச் சுட்டு அரண்மனை வெத்தலைக்குச் சுண்ணாம்பு ஊதும்"னாரு.

ராணி மனசே இல்லாம மாலையைக் கழட்டிக் குடுத்தாங்க. "எனக்கும் ஒண்ணு கோத்துத் தர்றியா?"

"மழை குடுத்தாத் தர்றேன், ராணியம்மா."

சொல்லிட்டு, மாலையில பத்தர் வச்சிருந்த கொக்கியைப் பல்லால கடிச்சுப் பிடுங்கி மடியில போட்டுக்கிட்டு, நூலை நூலோட சேத்து முடிச்சுப் போட்டா.

"கொக்கி இல்லாம எப்படிம்மா கழுத்துல நிக்கும்?"ன்னாரு ராசா.

"தாலியே முடிச்சுலதானே ராசா நிக்குது?"ன்னா செம்பாயி.

வெள்ளிக்கிழமை அரும்பு கழுத்துல மூணு முடிச்சுத் தாலியும் ஏறுச்சு, முடிச்சுப் போட்ட மாலையும் ஏறுச்சு. சம்பந்தி வீட்டு அம்மா மாலையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாளே தவிர, கொக்கி எங்கேன்னு கேக்கவே இல்ல. கொக்கித் தங்கம் மக காதுக்குத் தோடாச்சு.

மாலை கழுத்துக்குப் போச்சு, சுண்ணாம்பு வெத்தலைக்குப் போச்சு, அடுத்தவ கைவேலையைத் தன்னுதுன்னவர் கிளிஞ்சல் சூளைப்பக்கம் போனாரு. கதை உங்க காதுக்கு வந்து சேந்துச்சு.

செம்பாயியா? மகளை வண்டி ஏத்தி அனுப்பிட்டு வந்தா, வீடு வெறிச்சுன்னு கிடந்துச்சு. வெளியில மழை பெஞ்சு ஓய்ஞ்சுது. எந்திரிச்சுச் சல்லடையை எடுத்துக்கிட்டு ஆத்துல போய் இறங்கினா.

சலக்... சலக்... சலக்...