நிற்கவா, போகவா?

டவுன் பஸ் கண்டக்டர் சிங்காரவேலு நரை விழுந்த பிறகுதான் வயலினைத் தொட்டார். கற்றுக்கொடுத்த கோமளாவுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

சுருதி பிசகாது. கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் ஒழுகுவதுபோல வில்லை இழுப்பார். வினையே அங்கேதான். மகள் பூங்கோதையின் கல்யாணத்தில் அவர் நலங்குப் பாட்டு வாசித்தபோது, சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று பக்கத்தில் விசாரித்தாள்.

இப்போது பூங்கோதைக்கு வளைகாப்பு. "அதே பாட்டைத்தான் வாசிக்கணும்ப்பா. இந்தத் தடவை என் மாமியார் சிரிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு ஸ்வரம்கூடத் தப்பலையே டீச்சர். அப்புறம் ஏன் ஒப்பாரி மாதிரி இருக்கு?"

மறுநாள் காலை கோமளா அவர் பஸ்ஸில் ஏறி, பின்படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மார்க்கெட் ஸ்டாப்பில் கூட்டம் ஏறி முடிந்தது. சிங்காரவேலு விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே, இன்னிக்கு வில் இழுக்கிற மாதிரி ஊதுங்க. நடுவுல விடக்கூடாது."

"பஸ்ஸுலயா?"

"ஊதுங்களேன்."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நீளமாக, இழையாக, அப்பழுக்கில்லாமல். வண்டி நகர்ந்தது. நின்றது. முக்கியது. மறுபடி நின்றது. டிரைவர் மரியசெல்வம் திரும்பிக் கத்தினார்.

"யோவ், ஒண்ணு ஊதினா நிக்கணும், ரெண்டு ஊதினா போகணும். இது என்னய்யா? நிக்கவா, போகவா?"

"கண்டக்டருக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சு, வேப்பிலை கொண்டாங்க" என்றாள் மீன்கூடைக்காரி. பஸ்ஸே சிரித்தது.

சிங்காரவேலு அவசரமாக, சின்னதாக இரண்டு முறை ஊதினார். வண்டி பாய்ந்தது.

கையிலிருந்த விசிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பது ஒரே ஒரு ஸ்வரம். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நிறுத்தினார், ஓட்டினார், படியில் தொங்குகிறவனைத் திட்டக்கூடத் திட்டினார்.

"சரி டீச்சர். பாட்டுல எங்கே விடணும், எங்கே வெட்டணும்?"

கோமளா இறங்க எழுந்தாள். "பாட்டுலயும் ஆளுங்க ஏறி இறங்குறாங்கண்ணே. கண்ணை மூடிக்கிட்டா எப்படித் தெரியும்?"

வளைகாப்பு அன்று கண்ணைத் திறந்துவைத்தே வாசித்தார். மகள் கையில் வளையல் ஏற ஏற, வில் துள்ளித் துள்ளி விழுந்தது. சம்பந்தியைக் கேலி செய்யும் வரி வந்தது. வில்லைத் தூக்கிவிட்டு, சம்பந்தியம்மாவையே பார்த்தார். கூடத்தில் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. அப்புறம் படக்கென்று ஒரு வெட்டு.

சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. போதுமா, இன்னொன்று வாசிக்கவா என்பதுபோல் சிங்காரவேலு வாசல் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற கோமளாவுக்கு வாய் நிறையப் புளிச்சோறு. அதை விழுங்கிவிட்டு, உதட்டைக் குவித்து, சின்னதாக இரண்டு முறை விசிலடித்தாள்.