மூன்று நாள் கரித்த தண்ணீர்

மடத்து நோயாளி வேலாண்டியை எரித்த மறுநாள் காலை, வெள்ளைத்தாய் குருவின் முன்னால் வந்து நின்றாள். குரு அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவள் குனிந்து கும்பிட்டாள்.

அந்த மடத்தில் கேட்பாரற்ற நோயாளிகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இப்போது பதினொரு பேர். அவர்களுக்குத் தண்ணீர் அவள் பொறுப்பு. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று, அதை நீக்கும் சாஃப்ட்னர் கருவி வைத்திருந்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை அதற்குள் உப்புக் கரைசலை விட்டுக் கழுவ வேண்டும். பிறகு அந்த உப்பு போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த நாலு நாளைக்கான குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும்.

“சாமி, அவர் சாவுக்கு நான்தான் காரணமா?”

“ஏன் கேக்குறீங்கம்மா?”

“நெஞ்சு பலவீனம், உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். பத்தியச் சோறுதான் போட்டேன். ஆனா தண்ணி கரிக்குதுன்னு மூணு நாள் சொன்னார். ‘கடலைக் கொண்டாந்து ஊத்துறியா, ஆத்தா?’ன்னு கேட்டார். ‘நாக்கு செத்துப்போனா எல்லாம் அப்படித்தான் இருக்கும், பேசாமக் குடியும்’னேன். நாலாம் நாள் கால் வீங்கி, மூச்சு முட்டி…”

குரு எழுந்து சாஃப்ட்னர் இருந்த இடத்துக்கு நடந்தார்.

“எப்படிக் கழுவுவீங்க? செஞ்சு காட்டுங்க.”

அவள் உப்புக் கரைசலை விட்டாள். அது இறங்கியதும் நல்ல தண்ணீரைத் திறந்தாள். கழிவுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. ரெண்டு குடம் போயிருக்கும். அவள் கை வால்வை மூடப் போனது.

“அதுக்குள்ளயா?”

“ஊரே தண்ணிக்கு அல்லாடுது சாமி. மண்ணுல ஓடுறதைப் பார்க்க வயிறு எரியுது.”

குரு ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துத் துப்பினாள். அவர் மேலும் ஓடவிட்டு, குடத்துக்கு ஒரு டம்ளராகப் பிடித்துக் கொடுத்தார். ஏழாவது டம்ளரில்தான் கரிப்பு போயிருந்தது.

வெள்ளைத்தாய் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு மண்டலம் உப்பில்லாம விரதம் இருக்கேன் சாமி. பாவம் தீருமா?”

“அந்த மூணு நாளும் நீங்க என்ன குடிச்சீங்க?”

“அப்பவும் விரதம்தான். இளநி மட்டும்.”

“விரதம் போதும்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே.”

குரு டம்ளரைக் கழுவி அவள் கையில் வைத்தார்.

“தினமும் முதல் தண்ணியை நீங்க குடிங்க. கரிச்சா என்கிட்ட சொல்லுங்க. நான் நம்புறேன்.”