காலியாக விட்ட கட்டம்

புதுமை என்ற சொல்லைக் கேட்டாலே வட்டாரக் கல்வி அலுவலர் குணவதிக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும். இருபத்தாறு வருடச் சர்வீஸில் எத்தனை புதுமைகளைப் பார்த்தாயிற்று! பின்லாந்தில் இப்படிச் சொல்லித் தருகிறார்கள், ஜப்பானில் அப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று பயிற்சிக்குப் பயிற்சி படம் காட்டுவார்கள். ஜூனில் வந்த புதுமை டிசம்பரில் பீரோவுக்குள் போய்விடும். வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

அப்படி அலுத்துப்போனவளின் தலையில்தான் அந்த வருடம் இந்த வேலை விழுந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கும் புதுமைக்காக ஓர் ஆசிரியருக்கு விருது. விருது என்றால் ஒரு சால்வை, ஒரு கண்ணாடிச் சட்டம், அவ்வளவுதான். ஆனால் யாருக்கு விருதோ அவருடைய முறையைத்தான் வரும் ஜூனிலிருந்து உயர்நிலைப் பள்ளியில் கடைப்பிடிக்கப் போகிறார்கள். அங்கே ஆறாம் வகுப்பில் சேரப்போகிறவள் நிலோபர், பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். "அங்க அவளுக்குச் சரிப்படலைன்னா வீட்டோட நிறுத்திக்குவோம்" என்று அவள் உம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

வந்த விண்ணப்பங்கள் மூன்று. கூத்தைப் பாருங்கள், மூன்றும் ஒரே தொடக்கப் பள்ளியிலிருந்து, மூன்றும் அதே நிலோபரைப் பற்றி. கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு பெயர் மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். குணவதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடலோரப் பள்ளியில் போய் இறங்கினாள்.

மூன்றாம் வகுப்பு ஞானமுத்து சார் ஓர் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். சணலை ஒட்டி ஆறு, புளியங்கொட்டையை ஒட்டி மலை, மணலை ஒட்டிக் கடற்கரை. விரலால் தடவினால் தமிழ்நாடு கைக்குள் வந்துவிடும். "இந்தப் பிள்ளைய ஸ்கூலுக்குக் கொண்டுவர ஏழு தடவை அவங்க வீட்டு வாசப்படி மிதிச்சேன் மேடம்" என்றார். அது உண்மை. அவர் போயிருக்காவிட்டால் நிலோபர் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டாள்.

நான்காம் வகுப்பு ரெஜினா டீச்சர் வெளியூர்களில் பத்துப் பேருக்கு உதவி கேட்டு எழுதி, பாடத்தை வாசித்துச் சொல்லும் டேப்லெட் ஒன்றை வாங்கியிருந்தார். சத்தம் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கம்ப்யூட்டர் அறையில் தனி மேசை, காதுக்கு ஹெட்போன். நிலோபர் நான்காம் வகுப்பில் வாங்கிய சராசரி தொண்ணூற்றிரண்டு. பள்ளியிலேயே முதல். "அவ்வளவு அமைதியான பிள்ளை மேடம். வருஷம் பூரா ஒருநாள்கூட அவளை நான் அதட்டினதில்லை" என்றார் ரெஜினா பெருமையாக.

மூன்றாவது விண்ணப்பம் ஐந்தாம் வகுப்பு காளீஸ்வரி டீச்சருடையது. தலைமையாசிரியர் நச்சரித்ததால் கொடுத்தது. பெயரும் ஊரும் இருந்தன. 'நீங்கள் செய்த புதுமை என்ன?' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, இதுல ஒண்ணுமே எழுதலையே?"

"எழுதுற மாதிரி ஒண்ணும் செய்யல மேடம். பிள்ளைகளுக்கு ரெண்டே ரெண்டு பழக்கம் வச்சேன். யார் பேசினாலும் முதல்ல பேரைச் சொல்லணும். யார் போர்டுல எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதணும். ஆனா மார்க் எழுபத்தொண்ணுக்கு இறங்கிடுச்சு." காளீஸ்வரியின் குரல் தாழ்ந்துவிட்டது.

குணவதி வகுப்புக்குள் நுழைந்து, "எல்லாரும் உட்காருங்க" என்றாள்.

"பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க டீச்சர்" என்றது நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல். பக்கத்துப் பிள்ளை அந்தக் குரலுக்குரியவளின் தொடையில் கிள்ளினாள். வகுப்பே சிரித்தது. குணவதிக்கும் அன்றைக்கு முதல்முதலாகச் சிரிப்பு வந்தது.

"நான் குணவதி. நீதான் நிலோபரா?"

"ஆமா டீச்சர்."

பலகையின் ஓரத்தில், எல்லாப் பள்ளியிலும் இருப்பதுபோல, 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு வகுப்புத் தலைவி ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர் நிலோபர். அதற்குப் பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி. எச்சரித்தும் அடங்கவில்லை என்று அர்த்தம்.

"மூணாவதுல, நாலாவதுல எல்லாம் நல்லாப் படிச்சியாமே?"

"ஞானமுத்து சார் மேப்ல எங்க ஊரை நானே கண்டுபிடிச்சேன். டேப்லெட்டுல பாடம் நல்லாப் புரிஞ்சுது."

"அஞ்சாவதுல என்ன புதுசு?"

நிலோபர் யோசித்தாள். "புதுசா ஒண்ணுமில்ல டீச்சர். எல்லாருக்கும் இருக்குற மாதிரிதான்." பிறகு சிரிப்பு அடங்கிய முகத்தோடு கேட்டாள்: "ஆறாவதுல என்னை எங்கே உட்கார வைப்பாங்க டீச்சர்?"

குணவதி நடு பெஞ்சையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். தலைமையாசிரியர் அறைக்கு வந்து, ஆறிப்போன டீயை ஒதுக்கிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். மணி நாலரை. ஒருவர் அவளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர். ஒருவர் முதல் மார்க் வாங்க வைத்தவர். ஒருவர் ஒன்றுமே செய்யவில்லை என்று தானே ஒப்புக்கொண்டவர். கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்தாலும் வரும்.

இந்த மூவரில் யாருடைய பெயரை எழுதுவது நியாயம்?

விடை: குணவதி எழுதியது காளீஸ்வரியின் பெயரை. ஞானமுத்துவின் அட்டைக்கும் ரெஜினாவின் டேப்லெட்டுக்கும் அவள் மனத்தில் மரியாதை குறையவில்லை; அவை இரண்டும் நடு பெஞ்சுக்கே வரலாம், மார்க்கும் ஏறிவிடும் என்று விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில் குறிப்பும் எழுதினாள். ஆனால் நான்காம் வகுப்பில் அந்தப் பெண்ணை அதட்ட வேண்டிய தேவையே வராதது ஏன்? பேசுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. விருதோ மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைத்தவருக்கு. அதைச் செய்தவருக்கு அது ஒரு செயலாகவே தெரியவில்லை. காலிக் கட்டத்தைக் குணவதியே நிரப்பினாள்: 'பேசியவர்கள் பட்டியலில் நிலோபரின் பெயர் முதலில் இருக்கிறது. மூன்று பெருக்கல் குறி.' மேலிடத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்பார்கள். கேட்கட்டும், இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று உறையை ஒட்டினாள்.