கொஞ்சம் ஹோல்டுல போடுங்கம்மா

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தைந்து. அச்சுப்பிழை ஒன்றும் இல்லை, இருந்தது அப்படித்தான்.

சீடரின் பெயர் தாண்டவராயன். ஆனைக்கரட்டு அடிவார ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர். ஓர் ஒற்று விடுபட்டாலும் மாப்பிள்ளை வீட்டாரையே நிற்கவைத்துப் பாடம் எடுக்கிற ஆள். அவருக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் ஓர் ஆசை வந்துவிட்டது.

அந்த ஊரில் காணும் பொங்கல் அன்று மலையோட்டம் நடக்கும். அடிவாரத்திலிருந்து கரட்டு உச்சிவரை நாலு கிலோமீட்டர். அவர் மனைவி விசாலம் இரண்டு வருஷமாக ஓடுகிறாள். இவர் கீழே அவள் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்பார். போன வருஷம் இறங்கி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு களை.

"மேல இருந்து பார்த்தா நம்ம வீடு தெரியுதுங்க. நீங்களும் இருந்திருந்தா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை அவர் ஒரு வருஷமாக மனசுக்குள் படித்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை அவளோடு உச்சியில் நின்றே தீருவது என்று முடிவு கட்டினார்.

ஆனால் கரட்டில் போய்ப் பழக வெட்கம். நாலு எட்டு மேடு ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். சும்மா வாங்காது, கொல்லன் துருத்தி மாதிரி தெருவுக்கே கேட்கும். ஊர் பார்க்க அப்படி நிற்பதா? வேறு வினையே வேண்டாம்! பிரஸின் பின்னறையில் யாருக்கும் தெரியாமல் ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டார். பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு மேடாக நிற்கும் வகை.

மூன்றாம் நாள் மேடு நின்றுபோனது. மிஷின் சமதரையில் மட்டும் ஓடியது.

பிறகு தொடங்கியது போன் படலம்.

தமிழுக்கு இரண்டை அழுத்தினார். புகாருக்கு நான்கை அழுத்தினார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்றது ஒரு குரல். அதன்பின் வீணை. ஒரே துண்டு இசை, திரும்பத் திரும்ப.

"முக்கியம்னா எடுங்களேன்!" என்று பதிவு செய்த குரலோடு சண்டை போட்டார்.

பன்னிரண்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' தாண்டவராயன் எழுந்து போய் மிஷினைத் தொட்டுப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். அது அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து இரண்டை அழுத்தினார், நான்கை அழுத்தினார்.

பத்தொன்பதாம் நாள் ஒருவழியாக ஓர் ஆள் வந்து சேர்ந்தான். முதுகில் கருவிப் பை, காலில் தேய்ந்த ஓட்டக் காலணி. பெயர் பீர்முகமது. கம்பெனியின் டெக்னீஷியன்.

வந்தவன் செல்போனைத் திறந்து புகாரைச் சத்தமாகப் படித்தான்.

"வாடிக்கையாளர் மேடு ஏற மாட்டேன் என்கிறார்."

"என்னது?"

"அப்படித்தான் சார் எழுதியிருக்கு. ஏன் சார் மாட்டேங்கிறீங்க?"

தாண்டவராயனுக்கு உச்சந்தலை கொதித்தது. "யோவ், மேடு ஏற மாட்டேங்குதுன்னு சொன்னேன்யா. மிஷின்! அதைப் போய் நான் ஏற மாட்டேன்னு எழுதி வச்சிருக்காங்களே, எழுவாயே தப்பு!"

"எனக்கு இலக்கணம் அவ்வளவா வராது சார். எழுவாய்னா எழுந்திருன்னுதானே அர்த்தம்?"

"அடக் கடவுளே!"

பீர்முகமது மிஷினின் வயிற்றைத் திறந்து பார்த்தான். மேடு தூக்குகிற மோட்டார் கருகிவிட்டது. புதிது வரவேண்டும்.

"எப்ப வரும்?"

"எப்படியும் ரெண்டு வாரம் சார்."

"பதினாறு நாள்ல மலையோட்டம்யா!" சொன்ன வேகத்தில் மீதியும் வெளியே வந்துவிட்டது. விசாலம், உச்சி, வீடு தெரிவது, மூச்சு வாங்குவது எல்லாம். முன்பின் தெரியாத பையனிடம் இதை ஏன் சொன்னோம் என்று உடனே கூசிப்போனார்.

பீர்முகமது பையை மூடினான். "கரட்டுக்குப் பின்பக்கம் ஒரு பாதை இருக்கு சார். நான் தினமும் அதுலதான் ஓடுவேன். மனுஷ நடமாட்டம் கிடையாது. காலையில அஞ்சரைக்கு எழுவாய் வாங்க."

அன்று முதல் அவன்தான் குரு.

மறுநாள் விடிகிற நேரம். பிரஸில் அவசர வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார் சீடர். நூறடி ஏறுவதற்குள் துருத்தி ஊத ஆரம்பித்தது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மோட்டார் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லேன் பீர்."

"எனக்கே அவங்க சொல்லமாட்டாங்க சார். ஹெல்ப்லைனுக்குப் போடுங்க."

"இந்நேரத்துலயா?"

"இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க."

"எடுப்பாங்களா?"

"வீணை எடுக்கும்."

குருவே அவர் காதில் இயர்போனை மாட்டிவிட்டார். "வீணை கேட்கிற வரைக்கும் ஏறுங்க. ஆள் பேசினதும் நில்லுங்க. நின்னு, ஆசை தீரத் திட்டுங்க."

திட்டலாம் என்றதும் சீடருக்குக் காலில் ஒரு தெம்பு வந்தது. வீணை வாசித்தது. சின்னச் சின்ன எட்டாக வைக்கச் சொன்னார் குரு, வைத்தார். தொடையில் கையை ஊன்றச் சொன்னார், ஊன்றினார். பத்தொன்பது நாளாகச் சேர்த்து வைத்த வசவுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டே ஏறினார். பதினொரு நிமிஷம் கழித்து ஒரு பெண் குரல்.

"வணக்கம், குழலி பேசுகிறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

சீடர் வாயைத் திறந்தார். வசவு எல்லாம் தயார். மூச்சுதான் இல்லை.

"ம்மா... மோ... மோட்டார்..."

"சார்? உடம்புக்கு ஏதாவது முடியலையா சார்? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா... பரவால்ல... நாளைக்குப் பேசறேன்."

போனை வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். குரு தண்ணீர் கொடுத்தார். சீடர் அண்ணாந்து குடித்தார். குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா கலந்த இதுல? அமிர்தமா இருக்கு!"

"குழாய்த் தண்ணி சார்."

"ஏன் பீர், தினமும் இப்படி ஏறுறியே, உனக்கு என்னதான் கிடைக்குது?"

குரு பாட்டிலை இன்னொரு தடவை நீட்டினார்.

இப்படியே நாள் ஓடியது. தினமும் இரண்டை அழுத்துவார், நான்கை அழுத்துவார், வீணையோடு ஏறுவார். ஆள் எடுக்கும்போது திட்ட மூச்சு இருக்காது. 'சரிம்மா', 'பரவால்லம்மா' என்று இரண்டே சொல். வீட்டில் இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டார். பிரஸில் ஒரு பத்திரிகையில் ஒற்று விடுபட்டிருந்தது. "விடுங்க, திருத்திக்கலாம்" என்றார். கம்பாசிட்டர் பயந்துபோய், முதலாளிக்கு உடம்பு சரியில்லையோ என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்.

பத்தாம் நாள். பாதையில் மூச்சுமுட்டி என்று ஓர் ஏற்றம் உண்டு. பின்பாதையும் ஊர்ப்பாதையும் அங்கேதான் சேரும். பெயர் வைத்தவன் ஏறிப் பார்த்துத்தான் வைத்திருக்கவேண்டும். பாதி ஏற்றத்தில் இருக்கும்போது, என்ன நல்ல நேரமோ, வீணை இரண்டாவது நிமிஷமே நின்றுவிட்டது.

"வணக்கம், குழலி பேசுகிறேன்."

"அய்யய்யோ," என்றார் சீடர். "ஏம்மா இவ்வளவு சீக்கிரம்... எடுத்தீங்க?"

"சார்?"

"கொஞ்சம் ஹோல்டுல போடுங்கம்மா. வீணை போடுங்க. மூச்சுமுட்டி இன்னும் பாதி இருக்கு."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம். பிறகு, "நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"மலையில. ஏறிக்கிட்டிருக்கேன்."

"உங்க புகார்ல மேடு ஏற மாட்டேன்கிறார்னு போட்டிருக்கே சார்!"

தாண்டவராயனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பது லேசான காரியம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கமும் சிரிப்பு.

"மூணு வருஷமா இந்த சீட்டுல இருக்கேன் சார். என்கிட்ட ஹோல்டு கேட்ட முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் நெஞ்சு நிறைய மூச்சு வச்சுக்கிட்டுத் திட்டுவாங்க. ஏறுங்க சார், போடுறேன்."

வீணை வந்தது. சீடர் உச்சிவரை போய்விட்டார், முதல் தடவையாக. ஆனால் அவர் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்ப்பதென்றால் விசாலத்தோடுதான்.

பதின்மூன்றாம் நாள் மோட்டார் வந்துவிட்டது. பீர்முகமது மாட்டிக் கொடுத்தான். மிஷின் ஜம்மென்று மூக்கைத் தூக்கியது. தாண்டவராயன் ஏறி மூன்று நிமிஷம் நடந்தார். எதிரே சுவர். சுவரில் போன வருஷ நாள்காட்டி. இறங்கிவிட்டார்.

"நல்லா ஏறுதுப்பா. ஆனா எங்கயும் போகமாட்டேங்குது."

"புதுப் புகாரா பதியட்டுமா சார்?"

"ஓடிப்போயிரு!"

காணும் பொங்கல் வந்தது. நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு அடிவாரத்தில் போய் நின்றார். விசாலம் ஏற இறங்கப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்த ஆச்சரியம் அந்த முகத்தில் இல்லை.

"பதினஞ்சு நாளா உங்க பேண்ட்டுல ஒட்டுப்புல்லு பிடுங்குறேன். பிரஸ்ல எங்கங்க புல்லு முளைக்குது?"

அவருக்கு அசடு வழிந்தது. "தெரிஞ்சுதான் சும்மா இருந்தியா?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வாங்க, விசில் ஊதப் போறாங்க."

விசில் ஊதியது. விசாலம் கிளம்பியதுமே பத்து ஆளைத் தாண்டிவிட்டாள். இவர் சின்னச் சின்ன எட்டு. இன்றைக்கு வீணை இல்லை. வழியெல்லாம் ஊர்தான் நின்றது. ஒவ்வொரு முகமும் பத்திரிகை அச்சடிக்க வந்த முகம்.

மூச்சுமுட்டி வந்தது. துருத்தி ஊத ஆரம்பித்தது. "அண்ணே, வண்டி புகையுது!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. தாண்டவராயனுக்கு மானமே போனது போல் ஆயிற்று. வாயை இறுக மூடிக்கொண்டார். சத்தம் வெளியே வராமல் மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டு ஏறினார். இருபது எட்டு போயிருப்பார். கண் இருட்டியது. கால் பின்னியது. முன்னால் விசாலத்தைக் காணோம்.

ஏற்றத்தின் ஓரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த பீர்முகமது ஓடி வந்து முழங்கையைப் பிடித்தான்.

"அவ போயிட்டா பீர்."

"வாயைத் திறங்க சார்."

"எல்லாரும் பார்க்கிறாங்கய்யா."

"திறங்க."

திறந்தார். அடக்கி வைத்தது அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்குக் கரட்டுக் குரங்குகளே திரும்பிப் பார்த்தன. போனால் போகிறது என்று ஊதிக்கொண்டே ஏறினார். கண் தெளிந்தது. அடுத்த திருப்பத்தில் பார்த்தால், அதோ, அவளுடைய மஞ்சள் சட்டை. அவர் திருப்பத்துக்குப் போவதற்குள் அது அடுத்த திருப்பத்தில் இருந்தது. அப்படியே கடைசி மேடுவரை. அங்கே இரண்டு எட்டுதான் இடைவெளி. உச்சிப் பாறையில் இருவருமாகக் கால் வைத்தார்கள்.

காற்று அப்படியே அள்ளியது. கீழே ஊர்.

"எங்க, எங்க நம்ம வீடு?"

விசாலம் கை காட்டினாள்.

"ஆமா! நம்ம வீடேதான்!" என்று கத்தினார். "மாடியில பாரு, என் வேட்டி காயுது!" ஐம்பத்தைந்து வயசு மனுஷர், பாறையில் குதித்தார். விசாலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்தது. "போன வருஷம் இதைவிட வேகமா ஏறினியே. இன்னிக்கு என்ன?"

"உங்க மூச்சு கேட்கிற தூரத்துலயே போனேன். திரும்பிப் பார்த்தா கூச்சப்படுவீங்கன்னு காதை மட்டும் பின்னால வச்சுக்கிட்டேன்." அவள் குரல் சற்று இறங்கியது. "மூச்சுமுட்டியில ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்படியே நின்னுட்டேன். பயந்துட்டேன் போங்க."

அதற்குள் காலிக் குடத்தோடு பீர்முகமது ஏறி வந்துவிட்டான். சீடர் அவனைத் தனியாக இழுத்துப் போனார்.

"பீர், ஒண்ணே ஒண்ணு. அடுத்த வருஷத்துக்குள்ள இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திடணும். என்ன பண்ணலாம்?"

குரு அவரைப் பார்த்தார். பாறையில் நின்று இன்னும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்த விசாலத்தைப் பார்த்தார்.

"நிறுத்திட்டா, நீங்க வர்றது அம்மாவுக்கு எப்படி சார் தெரியும்?"