வீரபாகு கண்ட மஞ்சள் இலை

குளத்தை ஒட்டிய வயலில் ஒரு பெருச்சாளி நெல் பயிரிட்டிருந்தது. பெயர் வீரபாகு. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். தன் வால் சருகில் உரசும் சத்தத்துக்கே பொந்துக்குள் ஓடி ஒளியும் வீரம் அது!

பொந்தில் நான்கு குட்டிகள். இந்த நெல் வீடு வந்து சேர்ந்தால்தான் கோடையில் அவற்றுக்குக் கஞ்சி. அதை நினைத்தே வீரபாகு விடிந்தும் விடியாமலும் வயலுக்கு ஓடும்.

ஒருநாள் காலையில் வயலுக்குள் நுழைந்தது. கண்ணெதிரே ஓர் இலை மஞ்சளாகத் தொங்கியது. அடுத்த தூரிலும் மஞ்சள். "ஐயோ, பயிர் சாகுதே!" என்று கத்திக்கொண்டே யூரியாவை அள்ளி வீசத் தொடங்கியது. ஏற்கெனவே இரண்டு தடவை வீசியாயிற்று.

மேலே பறந்துகொண்டிருந்த கொக்கு வரப்பில் இறங்கியது.

"என்ன பண்றீங்க வீரபாகு அண்ணே? பயிர் கரும்பச்சையா நிக்குது. இன்னும் எதுக்கு உரம்?"

"மஞ்சளா இருக்கும்மா. என் கண்ணால பார்த்தேன்."

"உங்க உயரத்துக்குத் தெரியுறது அடியிலை. வயசான இலை பழுக்கத்தான் செய்யும். உரம் வேணுமான்னு உச்சியில விரிஞ்ச இலையைத்தான் கேட்கணும். அந்தப் புற்று மேல ஏறிப் பாருங்க."

வீரபாகு வரப்போரத்துக் கரையான் புற்றைப் பார்த்தது. உள்ளே பாம்பு இருந்தால்? ஓரடி பின்வாங்கியது.

"குறைச்சுப் போட்டு என் குட்டிங்க பட்டினி கிடந்தா யாரு பதில் சொல்றது?"

"பயிர் தின்னாத உரம் சும்மா கிடக்காதுண்ணே. கொஞ்சம் தண்ணியோட போகும். கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகி மேல போகும். அங்க கம்பளி மாதிரி மூடிக்கிட்டு பூமியோட சூட்டை வெளிய விடாது. வயலுக்கு வயல் இப்படிக் கொட்டுறதும் சேர்ந்துதான் வெயில் இந்தப் போடு போடுது. நம்ம குளத்தைப் பாருங்க."

வீரபாகு பார்த்தது. அல்லி பூத்த இடத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கையில் அள்ளிய உரத்தைத் திரும்ப மூட்டையிலேயே போட்டது. ஆனால் கொக்கு பறந்ததும் கண் மறுபடி மஞ்சள் இலைக்கே போனது. மூட்டை காலியாகும்வரை வீசித் தீர்த்தது.

கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மத்தியானம் மழை காற்றோடு வந்தது. உரம் தின்று கொழுத்த தாள்கள் மளமளவென்று சாய்ந்தன. பொந்துக்குள் குட்டிகள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அலறின. அப்பாவும்தான் அலறியது.

மழை விட்டதும் வீரபாகு வெளியே ஓடியது. பாம்பு கடித்தால் கடிக்கட்டும் என்று புற்றின் மேல் ஏறிவிட்டது. பாம்பு ஒன்றும் இல்லை. வயல்தான் சேற்றில் படுத்துக் கிடந்தது. கிழக்கு மூலையில் ஒரு துண்டுப் பயிர் மட்டும் கதிரோடு நிமிர்ந்து நின்றது. மூட்டை தீர்ந்துபோய், மூன்றாம் தடவை உரம் எட்டாத இடம் அது.

அந்தத் துண்டு நெல்லை வைத்துக்கொண்டு அந்தக் கோடை முழுவதும் குட்டிகள் ஒருவேளைக் கஞ்சி குடித்தன.

பயந்து அள்ளிக் கொட்டும் உரம் பயிரையும் சாய்க்கும், வானத்தையும் கொதிக்கவைக்கும். பயிர் கேட்கும் அளவறிந்து கொடுப்பதே நல்ல வேளாண்மை.