ஜிம்மிக்கு என்ன போடுவது

சேத்துப்பட்டறையில் முட்டாள்கள் அதிகம் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். வேண்டுமென்றே பரப்புகிற பேச்சு அது. மொத்தமே மூன்று பேர்தான். மூவரும் அண்ணன் தம்பிகள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாமியானாவும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விட்டார்கள்.

கடைசித் தம்பி எத்திராஜுவுக்குத் தேன்மொழியைப் பிடித்திருந்தது. தேன்மொழிக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் அப்பா கன்னியப்பன்தான் பிடி கொடுக்கவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர்; பச்சைக்கொடி காட்டுமுன் ரொம்ப யோசிப்பார். மகளோடு காசிக்குப் புறப்பட்ட அன்று தன் கறுப்பு நாய் ஜிம்மியைக் கொண்டுவந்து எத்திராஜு கையில் கயிற்றோடு கொடுத்தார்.

"பத்து நாள்ல வருவேன். இவன் இளைச்சிருந்தான்னா பொண்ணு கிடையாது."

அவர் போன பிறகுதான், ஜிம்மி என்ன சாப்பிடும் என்று கேட்கவில்லை என்பது எத்திராஜுவுக்கு உறைத்தது. போன் போட்டுக் கேட்கலாம் என்றான். பெரியண்ணன் முனிரத்தினம் தடுத்துவிட்டார். இது பரீட்சை, பரீட்சை எழுதுகிறவன் வாத்தியாருக்கே போன் போட்டு விடை கேட்பானா என்றார். 

முனிரத்தினம் வீட்டுச் சாப்பாட்டுக் கட்சி. நடு அண்ணன் துரைக்கண்ணு வேகாத கறிதான் என்று நின்றார். புலி குக்கர் வாங்கி யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். எத்திராஜு டவுனுக்குப் போய்ப் பாக்கெட் தீனி வாங்கிவந்தான். கவரில் ஒரு வெள்ளை நாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"நம்மளுது கறுப்பு," என்றார் முனிரத்தினம். "இது அதுக்கு ஆவாது."

"சோப்புக் கவர்லகூடத்தான் பொம்பள படம் போட்டிருக்கு. நீ குளிக்காமயாண்ணே இருக்க?" என்றான் எத்திராஜு.

முனிரத்தினம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இனிமேல் குளிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

கடைசியில் மூவரும் கால்நடை டாக்டரிடம் போனார்கள். அவர் பொறுமையாகவே சொன்னார்.

"மூணுமே நல்லதுதான். எது ஒத்துக்குதுன்னு பத்து நாள் கொடுத்துப் பாத்தாதான் தெரியும். மூக்கு ஈரமா இருக்கணும், முடி பளபளன்னு இருக்கணும், பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடிவரணும். ஒண்ணோட ஒண்ணு மட்டும் கலக்காதீங்க."

வீட்டுக்கு வந்து கூடிப் பேசினார்கள். தீனி மூன்று, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள், ஆக முப்பது நாள். கையில் இருப்பது பத்து நாள், ஒரு நாய். ஜிம்மியை மூன்று பாகமாக வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பாகத்துக்குப் போடலாம் என்று துரைக்கண்ணு யோசனை சொன்னார். வால் பக்கத்துக்கு எப்படி ஊட்டுவது என்ற இடத்தில் அது நின்றுபோனது. அப்போதுதான் எத்திராஜு ஒன்றைக் கவனித்தான்.

"அண்ணே, நாமளே மூணு பேர் இருக்கோம்."

அன்றைக்கே தொடங்கினார்கள். முனிரத்தினம் வீட்டுச் சாப்பாடு சமைத்தார். வாடகைப் பாத்திரங்களிலேயே சின்ன அண்டா நூறு பேருக்கானது. அளவு தப்பக்கூடாது என்று தினமும் நூறு பேருக்கே சமைத்து, முடிந்தவரை சாப்பிட்டார். துரைக்கண்ணு ஆட்டுக்கறியை அப்படியே வாயில் போட்டு மென்றார். காலையில் போட்டது சாயங்காலம்வரை வாயிலேயே இருந்தது. எத்திராஜு பாக்கெட்டைக் கையோடு வைத்துக்கொண்டு, தேன்மொழியை நினைத்து நினைத்து ஒவ்வொரு உருண்டையாகக் கடித்தான்.

ஜிம்மிக்கு ஒன்றும் போடவில்லை. முடிவு தெரியுமுன் போட்டால் கலந்துவிடும். அது முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எத்திராஜு அதன் தலையைத் தடவினான். உனக்காகத்தான்டா இவ்வளவும் என்று சொல்லி, கழுத்தாவது லேசாக இருக்கட்டுமென்று கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அது வைகாசி மாதம். பின்வேலிக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். எச்சில் இலை விழுகிற நேரம் பார்த்து ஜிம்மி தினமும் வேலி தாண்டிப் போய், சாயங்காலம் மெதுவாக நடந்து திரும்பியது. அண்ணன் தம்பிகள் அந்நேரம் ஒருவர் மூக்கை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரைக்கண்ணுவுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. ஈரத்தில் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. முனிரத்தினத்தின் தலை பளபளத்தது. அது குளிக்காத எண்ணெய், செல்லாது என்று துரைக்கண்ணு தும்மலுக்கு நடுவே ஆட்சேபித்தார். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்தான் சிக்கல். டாக்டர் சொன்னது நாயின் பேரைத்தான் என்பதால் மூவருக்குமே ஜிம்மி என்று பேர் வைத்தார்கள். ஒருவர் கூப்பிட்டால் மற்ற இருவருமே ஓடிவந்ததால், ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் "ஜிம்மி" என்று தானே கூப்பிட்டுவிட்டு, தெருமுனைவரை நடந்துபோய், தானே ஓடிவந்தார். எத்திராஜுதான் எல்லோரையும்விட வேகமாக வந்தான்.

பத்தாம் நாள் பார்த்தால் ஒருவருக்கு மூக்கு, ஒருவருக்கு முடி, ஒருவனுக்கு ஓட்டம். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கங்கைச் சொம்போடு கன்னியப்பன் வந்து நின்றார். பின்னால் தேன்மொழி.

ஜிம்மி பின்பக்கத்திலிருந்து வந்தது. வந்தது என்பதைவிட உருண்டது என்று சொல்லலாம். கன்னியப்பன் அதைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

"அப்படி என்னதான் மாப்ள போட்டீங்க?"

எத்திராஜுவுக்குப் பொய் சொல்ல வராது; அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். பெண் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே சொன்னான்.

"இன்னும் எதுவும் போடல மாமா. எதைப் போடறதுன்னு முடிவாகல."

கன்னியப்பன் நாயைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் நாயைப் பார்த்தார்.

"ஒண்ணுமே போடாமயா?" என்றார் மெல்ல. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல உனக்கு ஒரு குறையும் வராதும்மா."

தேன்மொழி எத்திராஜு கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்குமா என்று கேட்டாள். கோழி வாசனை வரும் என்றான். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆனியில் முகூர்த்தம் குறித்தார்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது என்ற பேச்சு வந்ததும் கன்னியப்பன் சிரித்தார். ஒன்றும் போடாமலே நாய் கொழுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எவனாவது அடுப்பு மூட்டுவானா என்றார். பத்திரிகை அச்சாகி ஊரெங்கும் போயிற்று. கடைசியில் தடித்த எழுத்தில் இப்படிப் போட்டிருந்தார்கள்:

"விருந்து கிடையாது. பலன் தெரியப் பத்து நாள் ஆகும் என்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழப் பத்து நாள் முன்னதாகவே வந்திருந்து, ஒன்றும் சாப்பிடாமல் மணமக்களை வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."